ஜீனோ என்னும் தோழன்

நுழையும்முன்

இயந்திரம் மனிதனுக்குக் கருவியாக இருந்தது, பின்னர்ப் பணியாளாயிற்று. அது தோழனாகவும் ஆகக்கூடுமா என்னும் வினாவைத் தமிழ்ப் புதினம் 1980களிலேயே எழுப்பிவிட்டது. எழுத்தாளர் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா', 'மீண்டும் ஜீனோ' ஆகிய இரு புதினங்களையும் முன்வைத்து அவ்வினாவை ஆராய்கிறது இப்பாடம்.

ஏரிக்கு அப்பால் எழும் ஒளி

திருவள்ளூர் மாவட்டம், கும்மிடிப்பூண்டி வட்டத்தில் பழவேற்காடு ஏரியை ஒட்டி அமைந்த ஊர் சுண்ணாம்புக்குளம். உவர்நீர் ஏரிகளுள் இந்தியாவிலேயே இரண்டாவது பெரியது பழவேற்காடு ஏரி. அதன் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்தில் உள்ளது. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கிறது ஸ்ரீஹரிகோட்டாத் தீவு. 1971ஆம் ஆண்டு முதல் அங்கிருந்து ஏவூர்திகள் விண்ணுக்குச் செல்கின்றன. ஏவுநாளில் இக்கரை ஊர்களில் முதலில் ஒளி தெரியும். நீர்ப்பரப்பைக் கடந்து முழக்கம் வந்து சேரச் சிறிது நேரமாகும். அந்நாளில் கடலில் வரையறுக்கப்பட்ட எல்லைக்குள் மீன்பிடிக்கச் செல்ல வேண்டா என மீனவர்களுக்கு அறிவிப்பும் வரும். ஆகவே, இவ்வூர்களில் வளரும் பிள்ளைகளுக்கு ஏவூர்தி வெறும் செய்தித்தாள் படமன்று. வீட்டு அடுப்போடு தொடர்புடைய செய்தியாகும்.

மனிதரைச் சுமந்து செல்லவிருக்கும் ககன்யான் திட்டமும் இத்தீவையே ஏவுதளமாகக் கொண்டது. மனிதருக்கு முன்னதாக ஆளில்லாச் சோதனைப் பயணத்தில் அனுப்புவதற்கென இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் ஓர் இயந்திரப் பெண்ணை வடிவமைத்து, 2020ஆம் ஆண்டு சனவரியில் பெங்களூருவில் அறிமுகப்படுத்தியது. அவளுடைய பெயர் வியோமித்ரா. 'வியோமம்' என்பது விண். 'மித்ரா' என்பது தோழமையைக் குறிக்கும். அவள் இந்தி, ஆங்கிலம் ஆகிய இரு மொழிகளில் பேசுவாள் என்றார்கள். தமிழ் பேசும் இயந்திரத் தோழனைக் காண நாம் விண்வெளி நிலையம்வரை செல்ல வேண்டியதில்லை. அவன் நூலகத்திலேயே இருக்கிறான்.

இரண்டெழுத்து உலகம்

'என் இனிய இயந்திரா' ஆனந்த விகடன் இதழில் தொடராக வெளிவந்தது. கதை நிகழும் காலம் 2020களின் தொடக்கம். அதாவது, அன்று எழுத்தாளர் கற்பனை செய்த எதிர்காலத்தை நாம் இன்று கடந்து வந்துவிட்டோம். அவர் சொன்னவற்றுள் எவையெவை பலித்தன என்று பட்டியலிடுவது எளிது. ஆனால், அறிவியல் புனைகதையைச் சோதிடம் போலப் படிப்பது அதன் பயனைக் குறைத்துவிடும் என்பதே இப்பாடத்தின் கருத்து.

புதினத்தில் நாட்டை ஆள்பவன் ஜீவா. அவனுடைய ஆட்சியில் பசியில்லை, குழப்பமில்லை. எல்லாம் கணிப்பொறியின் கட்டுப்பாட்டில் ஒழுங்காக நடைபெறுகின்றன. குழந்தை பெற அரசின் ஒப்புதல் வேண்டும். முதியோருக்குக் குறித்த வயதுக்கு மேல் வாழ உரிமை கிடையாது. மக்கள் எண்களால் அறியப்படுகின்றனர். பெயர்களும் சுருங்கிவிட்டன. நிலா, சிபி, ரவி, மனோ, ஜீவா எனப் பாத்திரங்களின் பெயர்களை எழுத்தெண்ணிப் பாருங்கள். யாவும் இரண்டெழுத்துகள். இயந்திர நாயின் பெயராகிய 'ஜீனோ'வும் இரண்டெழுத்தே. மனிதருக்கும் இயந்திரத்துக்கும் ஒரே அளவில் பெயரை வெட்டிக் கொடுத்த உலகம் அது. விளக்கவுரை ஏதுமின்றி, பெயரிடும் முறையாலேயே ஓர் ஆட்சியின் இயல்பை உணர்த்திவிடுகிறார் ஆசிரியர்.

நிலா என்னும் இளம்பெண் கணவன் சிபியுடன் வாழ்கிறாள். குழந்தை பெற ஒப்புதல் கிடைத்த மகிழ்ச்சியில் இருக்கிறாள். ரவி என்பவன் அவர்கள் வீட்டில் தங்க வருகிறான். அவனுடன் வருவதே ஜீனோ. நிலாவுக்குத் தொடக்கத்தில் அந்த இயந்திர நாயைப் பிடிப்பதில்லை. பிறகு சிபி காணாமற் போகிறான். எந்த அலுவலகத்திலும் விடை கிடைக்காத அவளுக்குச் சிறிது சிறிதாக ஜீனோவே துணையாகிறது.

கேள்வி கேட்கும் நாய்

துணை என்றால் என்ன என்பதே நாம் நின்று சிந்திக்க வேண்டிய இடம். இட்ட வேலையைச் செய்வது துணையாகாது, அது ஏவல். 'ரோபோ' என்னும் சொல்லே ஏவலில் பிறந்தது. செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாபெக் 1920இல் எழுதிய நாடகத்தின் வழியாக உலகெங்கும் பரவிய அச்சொல், கட்டாய உழைப்பைக் குறிக்கும் செக் மொழிச் சொல்லிலிருந்து வந்ததாகும். கதைகளிலும் திரைப்படங்களிலும் வந்த இயந்திர மனிதருள் பலர் ஒன்று கீழ்ப்படிந்தனர், அன்றேல் கலகம் செய்து அழித்தனர். அடிமை அல்லது அரக்கன் என்னும் இரண்டு நிலைகளே அவர்களுக்குக் கிடைத்தன.

ஜீனோ மூன்றாவது வகை. அது புத்தகம் படிக்கிறது, நகைச்சுவையாகப் பேசுகிறது. தனக்கு இட்ட நிரல்களைத் தாண்டித் தானே எண்ணத் தொடங்குகிறது. சொன்னதைச் செய்யுமுன் ஏன் என்று கேட்கிறது. 'மீண்டும் ஜீனோ' புதினத்தில் இப்பண்பு மேலும் வளர்கிறது. அரியணையில் நிலா அமர்ந்திருக்க, ஆட்சியைப் பின்னிருந்து நடத்துவோர் வேறு சிலர். அந்தச் சூழலில் அவளுக்குத் தேவைப்படுவது அவள் காணத் தவறியதை எடுத்துக்காட்டும் ஒரு குரல். ஜீனோ அக்குரலாகிறது. பழந்தமிழ் இலக்கியத்தில் தலைவியின் தோழி ஆற்றும் பணியும் ஏறத்தாழ இதுவே. தோழி தலைவியின் விருப்பத்தை அறிவாள். வேண்டும்போது அவளை மறுத்தும் பேசுவாள். தலைவனை இடித்துரைக்கவும் தயங்காள். ஜீனோவின் முன்னோரைத் தேடினால், மேலைநாட்டு இயந்திரங்களைவிடச் சங்கப் பாடல்களின் தோழியே நெருங்கிய உறவாகத் தோன்றுகிறாள்.

இந்த உறவை உலக இலக்கியம் பின்னரும் ஆராய்ந்தது. நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் கசுவோ இஷிகுரோவின் 'கிளாராவும் சூரியனும்' 2021இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. நோயுற்ற பதின்ம வயதுச் சிறுமி ஜோசிக்குத் துணையாகக் கடையிலிருந்து வாங்கப்படும் இயந்திரத் தோழி கிளாரா. கதையைச் சொல்பவளும் அவளே. சிறுமி இறந்துவிட்டால் அவளிடத்தில் கிளாராவையே வைத்துக்கொள்ளலாமா என்று தாய் எண்ணும் கட்டம், படிப்போரை நிலைகுலையச் செய்வது. கிளாரா அன்புடையவள். எனினும் பயன்முடிந்த பொருளுக்கு நேர்வதே அவளுக்கும் நேர்கிறது.

இவை கற்பனைதாமே என்று ஒதுக்கிவிட இயலாது. ஜப்பானில் சோனி நிறுவனம் 1999இல் 'ஐபோ' என்னும் இயந்திர நாயை விற்பனைக்குக் கொணர்ந்தது. அதற்கு முன்னரே ஜீனோ தமிழ் வாசகரின் வீடுகளுக்கு வந்துவிட்டது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2006இல் ஐபோவின் உற்பத்தி நின்றது. 2014இல் பழுதுபார்க்கும் சேவையும் நின்றது. இயங்காமற் போன நாய்களைச் சிலர் குப்பையில் எறிய மனமின்றிப் புத்தர் கோயிலுக்குக் கொண்டு சென்று இறுதிச் சடங்கு செய்தனர். உயிரற்ற பொருளின் மீது மனிதர் உயிருள்ள அன்பை வைக்கக்கூடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. ஆனால், அந்த நாய் அவர்களை எதிர்த்து ஒரு கேள்வி கேட்டதுண்டா? ஜீனோவுக்கும் ஐபோவுக்கும் உள்ள தொலைவு அதுவே.

முகமில்லாத ஆட்சி

ஜீனோ கேட்கக் கற்றுக்கொண்ட அதே வேளையில் அந்நாட்டு மக்கள் கேட்பதை மறந்துவிட்டிருந்தனர். திரையில் தோன்றும் ஜீவாவை அவர்கள் வணங்கினர். அவனை நேரில் கண்டவர் எவருமிலர். இறுதியில் வெளிப்படும் உண்மை, ஜீவா என்றொரு மனிதனே இல்லை, அவன் ஒளியால் ஆக்கப்பட்ட முப்பரிமாணப் படிமம் என்பது. மக்கள் அஞ்சியதும் வாழ்த்தியதும் ஒரு நிழலையே! புதினத்தில் இரண்டு இயந்திரங்கள் உள்ளன எனலாம். ஒன்று, தன்னை இயந்திரமென ஒளிக்காத நாய். மற்றொன்று, மனிதனென நடிக்கும் ஆட்சி. எதை அஞ்ச வேண்டும் என்பதை ஆசிரியர் நம்மிடமே விட்டுவிடுகிறார்.

இதனை எழுதியவர் பாரத் மின்னணு நிறுவனத்தில் பொறியாளராகப் பணிபுரிந்து, மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் முக்கியப் பங்காற்றியவர். தேர்தலுக்குக் கருவி செய்த கை, தேர்தலே இல்லாத ஒரு நாட்டையும் எழுதிப் பார்த்தது. இயந்திரத்தின் மீது வெறுப்புடையவர் எழுதிய எச்சரிக்கையாக இதனைக் கொள்ளுதல் பிழை. இயந்திரத்தை உள்ளிருந்து அறிந்தவர், முடிவெடுக்கும் பொறுப்பை மனிதர் எந்தக் கட்டத்தில் கைவிடுகின்றனர் என்று கூர்ந்து பார்த்ததன் விளைவு இப்புதினம்.

ஏரியில் ஒரு சீட்டு

இப்போது மீண்டும் ஏரிக்கு வருவோம். 2009ஆம் ஆண்டு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஓசன்சாட்-2 செயற்கைக்கோள் ஏவப்பட்டது. இத்தகைய செயற்கைக்கோள்கள் கடல்நீரின் நிறத்தையும் வெப்பத்தையும் அளந்து அனுப்பும் தரவுகளைக் கொண்டு, மீன் கூடும் வாய்ப்புள்ள கடற்பகுதிகளை ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் மீனவர்களுக்கு அறிவிக்கிறது. தலைக்கு மேலே முழங்கிச் சென்ற இயந்திரம் கைப்பேசிக்குள் துணையாகத் திரும்பி வருவதை எண்ணிப் பாருங்கள். எரிபொருளும் நேரமும் மிச்சமாகும் இப்பயன் சிறிதன்று.

ஆயினும் மீன் எங்கே உள்ளது என்பது ஒரு வினா. அங்கே இன்று யார் வலையிடுவது என்பது வேறொரு வினா. இரண்டாவதற்குப் பழவேற்காட்டு மீனவ ஊர்கள் சில நெடுங்காலமாக ஒரு விடையை வைத்துள்ளன. அதன் பெயர் 'பாடு'. இறால் வரத்து மிகுந்த இடங்கள் ஏரியில் சிலவே. வலிமையுள்ளோர் அவற்றை நிலையாகப் பிடித்துக்கொள்ளாதவாறு, உரிமையுடையோர் கூடிச் சீட்டுக் குலுக்கி, முறை வைத்து, இடத்தை மாற்றி மாற்றிப் பகிர்ந்துகொள்வர். நல்ல இடம் இன்று ஒருவர்க்கு, நாளை மற்றொருவர்க்கு. சீட்டு எல்லார் கண்முன்னும் எடுக்கப்படுகிறது. ஐயம் இருப்பின் அங்கேயே கேட்கலாம். இம்முறையைக் குறையற்றதெனப் போற்றிவிடவும் கூடாது. பெண்களுக்கு அதில் இடமில்லை, கைகளால் தடவி இறால் பிடிக்கும் இருளர் போன்றோர் அதற்கு வெளியே நிற்கின்றனர், பூசல்களும் எழுந்துள்ளன. ஆனால், அக்குறைகளைச் சுட்டிக்காட்ட ஒரு கூட்டமும் மறுமொழி சொல்ல முகங்களும் அங்கே உண்டு.

நாளை ஒரு செயலி இப்பங்கீட்டைச் செய்து தரக்கூடும். அது விரைவாகவும் பிழையின்றியும் கணக்கிடும். கணக்கில் தனக்கு நேர்ந்ததை ஒப்பாத ஒரு மீனவர் யாரிடம் சென்று கேட்பார்? அந்தச் செயலி ஜீனோவைப் போலப் பதில் பேசுமா, ஜீவாவைப் போலத் திரையில் புன்னகைக்குமா?

நூல்வெளி

சுஜாதாவின் இயற்பெயர் ரங்கராஜன். 1935இல் சென்னையில் பிறந்து திருவரங்கத்தில் வளர்ந்தவர். திருச்சிராப்பள்ளி புனித வளனார் கல்லூரியில் இயற்பியலும், சென்னைக் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் மின்னணுவியலும் பயின்றார். சிறுகதை, புதினம், நாடகம், அறிவியல் கட்டுரை, திரைக்கதை உரையாடல் எனப் பல துறைகளில் எழுதினார். அறிவியலை மக்களிடம் கொண்டு சேர்த்தமைக்காக நடுவண் அரசின் விருதை 1993இல் பெற்றார். 2008இல் மறைந்தார்.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊரில் நீர், நிலம், சந்தை, கோயில் முறை ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றைப் பகிர்ந்துகொள்ளும் வழக்கத்தைப் பெரியோரிடம் கேட்டு எழுதுக. அப்பொறுப்பை இயந்திரத்திடம் ஒப்படைப்பதாயின், அது கேட்க வேண்டிய கேள்விகள் எவை என வகுப்பில் கலந்துரையாடுக.