புகார் கொடுத்தும் கடன் ஏன் போகவில்லை?

கேள்வி: என் பான் எண்ணை வைத்து யாரோ ஒரு செயலியில் 48,000 ரூபாய் கடன் எடுத்திருக்கிறார்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீதும் வாங்கிவிட்டேன். இரண்டு மாதமாகியும் சிபில் அறிக்கையில் அந்தக் கடன் அப்படியே நிற்கிறது. வசூல்காரரும் விடாமல் போன் செய்கிறார். போலீசுக்குப் போன பிறகும் ஏன் இப்படி?
– வாசகர், திருப்பூர்

பதில்: கேட்க வேண்டிய கேள்விதான். "போலீசில் எழுதிக் கொடுத்தாயிற்று, இனி கடன் நம் தலையில் இல்லை" என்று பலரும் நம்புகிறார்கள். ரசீதை வசூல்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்குபவர்களும் உண்டு. மறுநாள் காலை அதே எண்ணிலிருந்து அழைப்பு வரும்.

போலீஸ் வழக்கு திருடனைப் பற்றியது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு, பிறர் அடையாளத்தை மோசடியாகப் பயன்படுத்தும் குற்றத்துக்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 319-ஆம் பிரிவில் ஆள்மாறாட்டத்துக்கு ஐந்தாண்டு வரை தண்டனை உண்டு. ஆனால் எந்த இன்ஸ்பெக்டருக்கும் உங்கள் கடன் பதிவில் ஒரு வரியை அழிக்க அதிகாரமில்லை. தவிர, சி.எஸ்.ஆர். என்பது மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது மட்டுமே, எஃப்.ஐ.ஆர். ஆகாது. எஃப்.ஐ.ஆர். பதியச் சொல்லி வற்புறுத்துங்கள். அடுத்த கட்டத்தில் அது கைகொடுக்கும்.

பதிவைத் திருத்தும் வழி வேறொரு சட்டத்தில் இருக்கிறது: 2005-ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டம். சிபில் போன்ற நிறுவனம், கடன் கொடுத்தவர் அனுப்பும் விவரத்தைச் சேர்த்து வைக்கிறது. தவறு என்று நீங்கள் எழுதிக் கேட்டால் 30 நாளில் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது 21-ஆம் பிரிவு. ஆனால் கடன் கொடுத்த நிறுவனம் "ஆம், தவறுதான்" என்று உறுதி செய்தால்தான் திருத்த முடியும். உங்கள் விஷயம் இந்த இடத்தில்தான் சிக்கியிருக்கிறது.

ஆகவே கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் சிபிலுக்கும் ஒரே நாளில் எழுதுங்கள். எஃப்.ஐ.ஆர். நகலை இணையுங்கள். "நான் வாங்கவில்லை" என்பதோடு நிறுத்தாமல், பணம் எந்த வங்கிக் கணக்குக்குப் போனது, எந்தக் கைப்பேசிக்கு ஓ.டி.பி. போனது, கே.ஒய்.சி.க்கு (வாடிக்கையாளர் யார் என்று சரிபார்ப்பது) யாருடைய படம் தரப்பட்டது என்று கேளுங்கள். செயலிக் கடன்கள் குறித்த ரிசர்வ் வங்கியின் விதிப்படி, சில விலக்குகள் தவிர, கடன் தொகை கடன் வாங்குபவரின் வங்கிக் கணக்குக்கே நேராகப் போக வேண்டும். அந்தக் கணக்கு உங்களுடையது இல்லையென்றால், சங்கடம் அவர்கள் பக்கம் திரும்பும். உங்கள் பெயரிலேயே யாரோ திறந்த கணக்கு என்று தெரிந்தால், அது இரண்டாவது திருட்டு. அந்த வங்கிக்கும் ஒரு புகார் போகட்டும்.

30 நாளில் தீர்க்காவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்கு வர வேண்டும். 2024 ஏப்ரல் முதல் இது நடைமுறையில் இருக்கிறது. தொகை சிறியதுதான். ஆனால் அதைக் குறிப்பிட்டு எழுதும் கடிதத்துக்குப் பதில் சீக்கிரம் வரக் கண்டிருக்கிறேன். அப்போதும் அசையாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

நஷ்ட ஈடு வேண்டுமென்றால் மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளரே தீர்ப்பு அதிகாரி; ஐந்து கோடி ரூபாய் வரையிலான கோரிக்கைகளை அவர் விசாரிக்கலாம். போலி மின்னஞ்சலில் ஏமாந்த வாடிக்கையாளருக்கு ஒரு தனியார் வங்கி 12.85 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2010-இல் தமிழ்நாட்டில் உத்தரவானது இந்த வழியில்தான்.

ஒரு எச்சரிக்கை. தொல்லை ஒழிந்தால் போதும் என்று ஒரு தவணைகூடக் கட்டிவிடாதீர்கள்; கடனை நீங்கள் ஒப்புக்கொண்டதாக அதையே சாட்சியாகக் காட்டுவார்கள். வசூல்காரர் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பிறகோ அழைத்தால் அதுவே தனி விதிமீறல், நேரத்தைக் குறித்து வையுங்கள்.

கடிதத்தை இன்றே அனுப்பிவிடுங்கள். அந்த 30 நாள், போலீஸ் ரசீதின் தேதியிலிருந்து அல்ல, அந்தக் கடிதத்தின் தேதியிலிருந்துதான் எண்ணப்படும்.