தன்செரிமானமும் திட்டமிட்ட செல் இறப்பும்: முக்கியக் குறிப்புகள்

பெயரும் ஆண்டும்
- தன்செரிமானம் (ஆட்டோபேஜி): பழுதடைந்த புரதம், நுண்ணுறுப்புகளைச் செல் தானே செரித்து மூலப்பொருளாக மீட்டல்.
- பெயரிட்டவர்: கிறிஸ்டியன் டி டுவே, 1963. லைசோசோமைக் கண்டுபிடித்தவரும் இவரே, 1955. நோபல் 1974.
- திட்டமிட்ட செல் இறப்பின் முக்கிய வகை: அப்போப்டோசிஸ். பெயரிட்டோர்: கெர், வில்லி, கர்ரி, 1972.
- அப்போப்டோசிஸ்: கிரேக்கச் சொல். பொருள்: இலை உதிர்தல்.

நோபல் (மருத்துவம்)
- 2002: பிரென்னர், ஹார்விட்ஸ், சல்ஸ்டன். உறுப்பு வளர்ச்சி, செல் இறப்பு ஆகியவற்றின் மரபணுக் கட்டுப்பாடு. ஆய்வுயிரி: சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் உருளைப்புழு.
- இருபால் புழுவில் தோன்றும் உடல்செல்கள் 1090, இறப்பவை 131, எஞ்சுபவை 959. மூன்று எண்களும் மனப்பாடம்.
- 2016: யோஷினோரி ஓசுமி, ஜப்பான். பகிர்வில்லாப் பரிசு. ஆய்வுயிரி: ஈஸ்ட்.

நிகழ்வு வரிசை
- தன்செரிமானம்: பட்டினி → எம்டார் நொதி செயலிழப்பு → இரட்டைச் சவ்வுப் பை (ஆட்டோபேகோசோம்) → லைசோசோமுடன் இணைவு → செரித்தல்.
- அப்போப்டோசிஸ் (உள்வழி): மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து சைட்டோகுரோம் சி வெளியேற்றம் → ஏபாஃப்-1 புரதம் → காஸ்பேஸ்-9 நொதி → காஸ்பேஸ்-3 நொதி. செல் சுருங்கும், டிஎன்ஏ துண்டாகும். பொதுவாக அழற்சி இல்லை.

இரண்டின் தொடர்பு (அதிகம் குழப்பும் பகுதி)
- அடிப்படை வேறுபாடு: தன்செரிமானம் பெரும்பாலும் உயிர்பிழைப்பு வழி, அப்போப்டோசிஸ் இறப்பு வழி.
- இணைப்புப் புள்ளி: பிசிஎல்-2 – பெக்லின்-1 பிணைப்பு.
- பிசிஎல்-2: அப்போப்டோசிஸ் தடுப்புப் புரதம். பெயர்மூலம்: பி செல் லிம்போமா.
- பெக்லின்-1: தன்செரிமானத் தொடக்கப் புரதம். பிசிஎல்-2உடன் பிணையும் புரதமாக அறிவிப்பு: பெத் லெவின் குழு, 1998.
- பிணைந்த நிலை: தன்செரிமானம் தடை. பட்டினியில் ஜேஎன்கே-1 நொதி பிசிஎல்-2க்குப் பாஸ்பேட் சேர்ப்பு, பெக்லின்-1 விடுதலை, தன்செரிமானம் தொடக்கம்.
- காஸ்பேஸ் பெக்லின்-1ஐ வெட்டினால் தன்செரிமானம் முடக்கம், இறப்பு விரைவு.
- ஏடிஜி-5: தன்செரிமானப் புரதம். கால்பெயின் நொதி வெட்டிய துண்டு மைட்டோகாண்ட்ரியாவை அடைந்து சைட்டோகுரோம் சி வெளியேறத் தூண்டல். ஒரே புரதம், இரு பணி.
- இரண்டும் சேர்ந்து இயங்கும் இடம்: பழ ஈக் கூட்டுப்புழுவின் உமிழ்நீர்ச் சுரப்பி அழிவு. தூண்டும் ஹார்மோன்: எக்டைசோன்.

தவறும் இடம்
- தற்சிதைவு (ஆட்டோலைசிஸ்) வேறு: லைசோசோம் உடைந்து, கசிந்த நொதிகளால் செல் கரைதல்.
- லைசோசோமின் பாடநூல் பட்டப்பெயர் ‘தற்கொலைப் பை’. பொருத்தம் குறைவு, ஒரு மதிப்பெண் வினாவுக்கு விடை அதுவே. ஆனால் அப்போப்டோசிஸைச் செயல்படுத்தும் நொதி காஸ்பேஸ்.