இடர்க்கால உணவு: ஒரு புறப்பாடல் வழி

பஞ்சம், வெள்ளம், வேலையின்மை ஆகியவை தம்முள் வேறுபட்ட இடர்கள். எனினும் அடுக்களையில் அவை எழுப்பும் வினா ஒன்றே: எவ்வுணவைச் சேமித்து வைப்பது? அரிசி மூட்டை ஒன்று இருந்தால் போதும் என்பது நம்மில் பலரின் விடை. அவ்விடை முழுமையானதன்று.

மாங்குடி கிழார் பாடிய புறநானூற்று 335ஆம் பாடல், முல்லைநிலச் சிற்றூர் ஒன்றின் உணவுகளாக வரகு, தினை, கொள், அவரை என்னும் நான்கினை மட்டுமே சுட்டுகிறது. நடுகல் வழிபாட்டுச் செய்திக்காகவே இப்பாடலை நாம் கற்பிக்கிறோம். உணவு வரிசையை விரைந்து கடந்துவிடுகிறோம். யானும் பல்லாண்டு அவ்வாறே கடந்தேன். புலவர் உணவியல் நூல் எழுதவில்லை, கண்டதைக் கூறினார். ஆயினும் அந்நான்கனுள் இரண்டு தானியம், இரண்டு பயறு என்பது நோக்கத்தக்கது. தானியப் புரதத்தில் குறைந்துள்ள லைசின் என்னும் சத்தினைப் பயறு ஈடுசெய்கிறது. நான்கும் வானம் பார்த்த நிலத்தில் விளைவன. உலர்த்தி வைத்தற்கும் உரியன.

இவ்விணை பிரிந்தால் நேர்வது யாது? 1876-78இல் சென்னை மாகாணத்தை வாட்டிய தாது ஆண்டுப் பஞ்சத்தில் அது வெளிப்பட்டது. நிவாரணப் பணியாளர்க்கு நாளொன்றுக்கு ஓர் இராத்தல், அதாவது ஏறத்தாழ 450 கிராம் தானியமும் சிறு காசும் போதும் என்று 1877இல் சர் ரிச்சர்டு டெம்பிள் அளவைக் குறைத்தார். மாகாணச் சுகாதார ஆணையர் மருத்துவர் கார்னிஷ் அதனை வன்மையாக எதிர்த்தார். தானியத்தை ஒன்றரை இராத்தலாக்குவதோடு புரத உணவும் காய்கறியும் வேண்டும் என்பது அவர் வாதம். அவ்வாண்டிலேயே அரசு அளவை ஓரளவு உயர்த்திப் பருப்பையும் சேர்த்தது. அதற்குள் மடிந்தோர் பலர்.

இனி, வைக்கும் முறை. ஏழாண்டுப் பஞ்சத்தை முன்னறிவித்த நபி யூசுப் (அலை) அவர்கள், அறுவடையில் உண்பதற்கு வேண்டிய சிறிதளவு நீங்கலாக ஏனையதைக் கதிரிலேயே விட்டுவைக்கச் சொன்னதைத் திருமறை கூறும். உமியே தானியத்தின் முதற் குதிர். கோயிற் கலசங்களில் வரகை இடும் வழக்கும் அதன் நீடித்த தன்மையை அறிந்தோர் செயலே. உமி நீக்கிய சிறுதானியமோ தன் எண்ணெய்ப் பசையால் விரைவில் சிக்கு நாற்றம் கொள்ளும். கம்பு மாவு சில நாளிலேயே கசக்கும். முழுப்பயற்றுக்குப் பகை வண்டு. என் நன்னி துவரையைச் செம்மண் கரைசலில் புரட்டி, வெயிலில் உலர்த்திப் பானையில் இடுவார். சிறுவயதில் அதனை அழுக்கு என்று எண்ணினேன்.

வெள்ளத்திற்கு வேறு தெரிவு வேண்டும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. அடுப்பும் விறகும் நனைந்த வீட்டில் அரிசி இருந்தென்ன? அவல், பொரிகடலை, வறுத்த நிலக்கடலை, கருப்பட்டி, பேரீச்சம்பழம் ஆகிய சமைக்க வேண்டாதனவே அங்கு உணவு. அவற்றோடு மூடிய கலத்தில் குடிநீரும் வேண்டும்.

திருத்தங்கலில் நாம் மிகுதியும் அஞ்சுவது கூலி நின்றுபோவதையே. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் கலந்த பட்டாசுக்குத் தடை விதித்ததை அடுத்து, நவம்பர் முதல் இவ்வட்டாரப் பட்டாசு ஆலைகள் சில மாதங்கள் மூடிக்கிடந்தன. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. 2011 முதல் நியாயவிலைக் கடை அரிசியை விலையின்றித் தருகிறது. ஆதலின் வாரக்கூலிக் குடும்பம் தேடிச் சேமிக்க வேண்டுவது பயறே என்பது என் கருத்து. மூட்டையாக வாங்க இயலாதோர், பிடியரிசி எடுத்துவைக்கும் நம் வழக்கத்தையே பயற்றுக்கும் கொள்ளலாம். வாரந்தோறும் கால்படி கொள்ளோ தட்டைப்பயறோ ஒதுக்கினால் ஓராண்டில் பதின்மூன்று படி சேரும். காய்கறி கிட்டாத நாளில் முளைகட்டிய பயறு வைட்டமின் சி சத்தையும் தரும். பழகாத உணவை வாங்கிக் குவிப்பதில் பயனில்லை. பசித்த குழந்தையும் அறியாத சுவையை ஒதுக்கும். பயறு பழகப் பழக இறுகி, வேகுதற்கு மிகுந்த எரிபொருள் கேட்கும். ஆதலின் பழையதை முதலில் உலையிலிட்டு, அப்பானையில் புதியதை நிரப்புதல் வேண்டும்.