இன்புளுவென்சாக் காய்ச்சலும் வெண்குழிய நொதியங்களும்

இறம்பொடை முதலிய மலைநாட்டுப் பகுதிகளில் உருளைக்கிழங்கு பயிரிடுவோர், இலைச்சுருள் வைரசு நோயை அறிவர். நோயுற்ற செடியை மருந்து தெளித்துக் குணமாக்க இயலாது. அதனைக் கிழங்கோடு பிடுங்கி அழித்தல் வேண்டும்; இன்றேல் நோய் அயற்செடிகளுக்கும் பரவும். இன்புளுவென்சாக் காய்ச்சல் கண்டவரின் உடலிலும் இத்தகைய வேலையே நடைபெறுகின்றது.

இன்புளுவென்சாவும் ஒரு வைரசு நோயே. 1918ஆம் ஆண்டில் உலகெங்கும் பரவிய இந்நோய், இலங்கையிலும் பல்லாயிரம் உயிர்களைக் கவர்ந்தது. இவ்வைரசு தானாகப் பெருகாது. மூக்கு, தொண்டை, நுரையீரல் ஆகியவற்றின் கலங்களுட் புகுந்து, அவற்றைக் கொண்டே பெருகும்.

இதனை எதிர்ப்பவற்றுள் முதன்மையானவை குருதியிலுள்ள வெண்குழியங்கள். இவை நொதியங்களை ஆயுதமாகக் கொண்டவை. நொதியம் என்பது உடலில் நிகழும் இரசாயன மாற்றங்களை விரைவுபடுத்தும் பொருளாகும்.

வெண்குழியங்களுள் ஒருவகை, நோய் கண்ட இடத்துக்கு முதலில் விரையும். அதிலுள்ள மயலோபெரொட்சிடேசு என்னும் நொதியம், கிணற்றுக்கு இடும் குளோரின் தூள் நீரிற் கரையும்போது உண்டாகும் கிருமிநாசினியையே உடலினுள் ஆக்குகின்றது. இக்கிருமிநாசினி வைரசை அழிக்க வல்லது. ஆயின், அளவு மிஞ்சினால் நுரையீரலையும் புண்படுத்தும்.

மற்றொரு வகை, வைரசு குடிகொண்ட கலத்தை இனங்கண்டு, அதில் துளையிட்டு, கிரான்சைம் என்னும் நொதியங்களை உட்செலுத்தும். அக்கலம் மடிய, வைரசு பெருக இடமின்றிப் போகும். நோயுற்ற செடியைப் பிடுங்குவதற்கு ஒப்பானது இதுவே. புதிய வைரசாயின், இவ்வெண்குழியங்கள் போதிய அளவிற் பெருக ஏறக்குறைய ஒரு வாரம் செல்லும்.

ஆதலால் பின்வருவனவற்றைக் கைக்கொள்க:

1. காய்ச்சலுடன் மழையிலும் பனியிலும் தோட்ட வேலைக்குச் செல்லாது ஓய்வு கொள்க. நீராகாரம் நிறைய அருந்துக.

2. அன்டிபயோட்டிக் மருந்துகள் பற்றீரியாவையன்றி வைரசை அழிக்கமாட்டா. வைத்தியர் கூறினாலன்றி அவற்றை உண்ணற்க.

3. இருமும்போது வாயை மூடுக. கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுக. அது வைரசின் கொழுப்புறையைச் சிதைக்கும்.

4. கர்ப்பிணிகள், குழந்தைகள், முதியோர், நீரிழிவு அல்லது ஆஸ்துமா உள்ளோர் ஆகியோருக்குக் காய்ச்சல் கண்டவுடன் வைத்தியரை நாடுக. வைரசு எதிர்ப்பு மருந்து 48 மணித்தியாலத்துள் தொடங்கினாற் பெரிதும் பயன்தரும்.

5. மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கம் ஆகியன தோன்றினாலும், தணிந்த காய்ச்சல் மீண்டும் ஏறினாலும், உடனே வைத்தியசாலைக்குச் செல்க.

தோட்ட வேலை சில நாள் தாமதித்தால் ஈடு செய்யலாம். மூச்சுத்திணறலுக்கு வைத்தியம் தாமதித்தலாகாது.