நிறுத்துக் கொடுக்கும் கை

அன்பு மருமகனுக்கு,

மளிகைக்கடை வைத்துவிட்டாய், அல்ஹம்துலில்லாஹ். இனி குர்ஆனின் 83ஆவது சூராவைப் பொருள் உணர்ந்து ஓதி வா என்று சொல்லத்தான் எழுதுகிறேன். அல்முதஃப்பிஃபீன், 36 ஆயத்துகள். நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது அவ்வூரார் அளவையில் மிக மோசமாக இருந்தார்கள், இந்த சூரா இறங்கிய பின் திருந்தினார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். ஒரு ஊர்ச் சந்தையையே திருத்திய சூரா இது.

தொடக்கத்தை நிதானமாகப் பார். தனக்கு வாங்கும்போது நிறைவாக அளந்து வாங்குவான். பிறருக்குக் கொடுக்கும்போது குறைப்பான். அப்படிப்பட்டவனுக்குத்தான் கேடு. மண்டியிலிருந்து மூட்டை வந்தால் சாக்கின் எடையைக் கழித்துவிட்டுத்தானே நாம் பணம் கொடுக்கிறோம்? அதே கை பேரீச்சம்பழத்தை அட்டைப்பெட்டியோடு சேர்த்து நிறுத்தால், அது களவு. பத்து கிராம்தானே என்று நினைக்காதே. அந்தப் பத்து கிராமுக்கும் ஒருவர் காசு கொடுத்திருக்கிறார்.

விஷயம் தராசோடு முடிவதில்லை. கடைப் பையன் காலையில் பிந்தி வந்தால் சம்பளத்தில் பிடிக்கிறோம். இரவு சரக்கு இறக்க நிறுத்திவைத்த நேரத்துக்குக் கூலி கொடுக்கிறோமா? அதுவும் அளவைதான்.

தராசைப் பற்றிச் சொன்ன கையோடு, தாங்கள் எழுப்பப்படுவோம் என்று இவர்கள் எண்ணவில்லையா என்று அல்லாஹ் கேட்கிறான். பிறகு தீயோரின் ஏடு ஸிஜ்ஜீனிலும் நல்லோரின் ஏடு இல்லிய்யீனிலும் இருப்பதைச் சொல்கிறான். மறுமைக் கணக்கை மறந்தவன்தான் கல்லாக் கணக்கில் கை வைப்பான். ஒருவன் சம்பாதித்த பாவமே அவன் உள்ளத்தில் துருவாகப் படிகிறது என்ற ஆயத்தை ஓதும்போதெல்லாம் எனக்குப் பயம் வரும். துரு ஒரே நாளில் ஏறுவதில்லை, மருமகனே.

நேர்மையாக நிறுத்தால், பிழைக்கத் தெரியாதவன் என்று கடைத்தெருவில் உன்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஈமான் கொண்டவர்களைக் கண்டு கண்ஜாடை காட்டிச் சிரித்தவர்களைப் பற்றித்தான் சூராவின் கடைசிப் பகுதி பேசுகிறது. அந்த நாளில் சிரிப்பு இடம் மாறும் என்பது அல்லாஹ்வின் வாக்கு.

இந்த மாதச் சம்பளம் கொடுக்கும்போது, பையன் இரவில் கூடுதலாக நின்ற நேரத்தையும் கணக்கில் சேர்த்துக் கொடுத்துவிடு.

வஸ்ஸலாம்,
உன் மாமா