ஹீட்டர் போட்டா ஜில்லுனு காத்து வருதா? அக்காவோட டிப்ஸ்

டொரன்டோவுல குளிர் ஆரம்பிச்சதும், ஊர்ல இருந்து புதுசா வந்து பழைய கார் வாங்கின தம்பி தங்கச்சிங்க கேக்கற முதல் கேள்வி இதுதான்: "அக்கா, ஹீட்டரை ஃபுல்லா வச்சாலும் ஜில்லுனுதான் வருது, என்ன பண்றது?" சென்னையில ஏசி பட்டனைத் தவிர வேற எதையும் தொட்டிருக்க மாட்டோம். சூடு எங்கிருந்து வருதுன்னு தெரிஞ்சுட்டா கோளாறையும் கண்டுபிடிச்சுடலாம்.

பெட்ரோல், டீசல் கார்ல எஞ்சின்ல சுத்தற கூலன்ட்தான் சூட்டைக் கொண்டு வரும். டேஷ்போர்டுக்குள்ள 'ஹீட்டர் கோர்'னு குட்டி ரேடியேட்டர் ஒண்ணு இருக்கு. கூலன்ட் அது வழியா ஓட, ஃபேன் அது மேல காத்தை ஊதும். எஞ்சின் சூடாகுதா, அந்தச் சூடு கோர் வரைக்கும் வருதா, காத்து கோர் மேல படுதா? இதே வரிசையில பாருங்க. எலக்ட்ரிக் கார் வேற கதை.

1. கூலன்ட் அளவு

காலையில கார் எடுக்கறதுக்கு முன்னாடி, எஞ்சின் ஆறி இருக்கும்போது டேங்கைப் பாருங்க. மினிமம் கோட்டுக்குக் கீழே இருந்தா காரணம் பெரும்பாலும் அதுதான். சூடான எஞ்சின்ல மூடியைத் திறக்கவே கூடாது. கொதிக்கிற கூலன்ட் முகத்துல பீய்ச்சி அடிக்கும். கலரைப் பார்த்து வாங்காதீங்க, மேனுவல்ல சொல்லியிருக்கற வகையையே வாங்குங்க. பாதிக்குப் பாதி தண்ணி கலந்த கூலன்ட் சுமார் மைனஸ் 37 டிகிரி வரைக்கும் உறையாது. வெறும் தண்ணி ஊத்தினா உறைஞ்சு எஞ்சினையே பிளந்துடலாம். ஊத்தின பிறகும் அளவு இறங்கிட்டே போனா எங்கேயோ ஒழுகுதுன்னு அர்த்தம்.

2. டெம்பரேச்சர் முள்

கால் மணி நேரம் ஓட்டியும் முள் 'சி' பக்கத்துலயே படுத்திருந்தா தெர்மோஸ்டாட் மேல சந்தேகப்படுங்க. அது திறந்தபடியே மாட்டிக்கிட்டா எஞ்சினுக்குச் சூடே ஏறாது. சிக்னல்ல நிக்கும்போது லேசா வெதுவெதுன்னு வந்து, 401 ஹைவேயில வேகம் எடுத்ததும் ஜில்லுனு ஆகும். நிறைய கார்ல இது சின்ன செலவுதான்.

முள் சிவப்புக்கு ஏறி, ஹீட்டர்ல மட்டும் குளிர்காத்து வந்தா, உடனே ஓரங்கட்டி எஞ்சினை ஆஃப் பண்ணுங்க. கூலன்ட் தீர்ந்திருக்கும், இல்லைன்னா சுத்தாம நின்னிருக்கும். "வீடு வரைக்கும் ஓட்டிடலாம்"னு போனா எஞ்சினே போயிடும்.

3. ரெண்டு ஹோஸ்

முள் நடுவுல இருக்கா? கார் நல்லா சூடானதும் எஞ்சினை ஆஃப் பண்ணிட்டு பானெட்டைத் திறங்க. எஞ்சினுக்குப் பின்னாடி, கேபின் தடுப்புக்குள்ள பக்கத்துப் பக்கத்துல ரெண்டு ரப்பர் ஹோஸ் நுழையும். கிளவுஸ் போட்டுக்கிட்டு லேசா தொட்டுப் பாருங்க.

• ரெண்டும் நல்ல சூடு: கோர் வரைக்கும் பிரச்சினை இல்லை, நாலாவது டிப்ஸுக்குப் போங்க.
• ஒண்ணு சூடு, ஒண்ணு ஆறிப்போயிருக்கு: கோர் அடைச்சிருக்கலாம். ஃபிளஷ் பண்ணினாலே சில சமயம் சரியாயிடும்.
• ரெண்டுமே சூடு இல்லை: கூலன்ட் ஓடற பாதையில காத்து புகுந்திருக்கலாம், ஹீட்டர் வால்வோ வாட்டர் பம்ப்போ போயிருக்கலாம்.

காத்து புகுந்திருந்தா டேஷ்போர்டுக்குள்ள களக் களக்னு சத்தம் கேக்கும். ஆக்சிலரேட்டர் மிதிச்சா சூடு வரும், விட்டா போயிடும். காத்தை எடுக்கற முறை காருக்குக் கார் மாறும், மேனுவல்படி செய்யுங்க. எடுத்த பிறகும் திரும்பத் திரும்ப புகுந்தா ஹெட் கேஸ்கெட்டை செக் பண்ணச் சொல்லுங்க.

4. உள்ளே இருக்கற கதவு

ஹோஸ் ரெண்டும் சூடு, காத்து மட்டும் ஜில்லா? டேஷ்போர்டுக்குள்ள காத்தைத் திருப்பி விடற சின்னக் கதவு ஒண்ணு இருக்கு. டெம்பரேச்சரை மாத்தும்போது டிக் டிக்னு சத்தம் வந்தாலோ, டிரைவர் பக்கம் சூடும் மறுபக்கம் குளிருமா வந்தாலோ, அதோட மோட்டார் போயிருக்கலாம். காத்தே கம்மியா வந்தா முதல்ல கேபின் ஃபில்டரை மாத்துங்க. நிறைய கார்ல அது கிளவ் பாக்ஸுக்குப் பின்னாடி இருக்கும்.

இதை மட்டும் விட்டுடாதீங்க

காருக்குள்ள தித்திப்பா வாடை, கண்ணாடியில எண்ணெய்ப் பசையா மூட்டம், முன்சீட்டுக்குக் கீழே கார்பெட் ஈரம்: இதெல்லாம் கோர் ஒழுகறதுக்கு அடையாளம். அதை மாத்த பல கார்ல டேஷ்போர்டையே கழட்டணும், மெக்கானிக்கிட்ட விட்டுடுங்க. கூலன்ட் விஷம், ஆனா இனிக்கும். கீழே சிந்தினா குழந்தையோ நாயோ வாய் வைக்கறதுக்குள்ள துடைச்சுடுங்க. மூடின கராஜுக்குள்ள எஞ்சினை ஓட விடாதீங்க. பனி கொட்டியிருந்தா எக்ஸாஸ்ட் குழாயைச் சுத்தி வழிச்சுட்டு ஸ்டார்ட் பண்ணுங்க.

மெக்கானிக்கிட்ட போய் "ஹீட்டர் வேலை செய்யலை"ன்னு மட்டும் சொல்லாதீங்க. கூலன்ட் எவ்வளவு இருந்துச்சு, முள் எங்கே நின்னுச்சு, எந்த ஹோஸ் சூடா இருந்துச்சுன்னு மூணையும் சொல்லுங்க. "கோர் ஒழுகுது, மாத்தணும்"னு அவர் சொன்னா, பிரஷர் டெஸ்ட் பண்ணிக் காட்டச் சொல்லிட்டு அப்புறம் சம்மதம் சொல்லுங்க.