செப்டிக் டேங்கின் உறுப்புகளும் பராமரிப்பும்

“பத்து வருடமாகியும் எங்கள் வீட்டுத் தொட்டி நிறையவில்லை” என்று பெருமையாகச் சொல்லும் உழவர்கள் உண்டு. ஆனால் அடித்தளமும் சுவர்களும் ஒழுங்காகப் பூசப்பட்ட செப்டிக் டேங்க், பயன்பாட்டுக்கு வந்த சில வாரங்களிலேயே நிறைந்துவிடும். பிறகு எப்போதும் நிறைந்தேயிருக்கும். ஒருபுறம் வரும் அளவு நீர் மறுபுறம் வெளியேறும். நிறையாத தொட்டியில் கழிவுநீர் அடிவழியே நிலத்தில் இறங்குகிறது என்றே கொள்ள வேண்டும். கிணறு அருகிலிருந்தால் இது ஆபத்தாகும்.

ஐந்து பேர் உள்ள குடும்பத்திற்கு 1.5 மீட்டர் நீளம், 75 செ.மீ. அகலம், நீர் நிற்கும் ஆழம் 1 மீட்டர் உள்ள தொட்டி போதுமானது. இதற்குமேல் 30 செ.மீ. காலியிடம் விட வேண்டும். உள்ளே வரும் குழாயைவிட வெளியேறும் குழாய் 5 செ.மீ. தாழ்வாக இருத்தல் அவசியம். இரண்டு முனைகளிலும் ‘டீ’ வடிவக் குழாய் பொருத்தப்படும். மேலே ஏடுபோல் மிதக்கும் கசடும் அடியில் படியும் சேறும் வெளியேறாமல், நடுவிலுள்ள நீர் மட்டும் உறிஞ்சு குழிக்குச் செல்ல இதுவே உதவுகிறது. கொத்தனார்கள் சிலர் இதைச் செலவு என்று விட்டுவிடுவதுண்டு, விடக்கூடாது. உறிஞ்சு குழி, குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டருக்குக் குறையாமல் தள்ளியிருக்க வேண்டும்.

சாண எரிவாயுக் கலனில் உள்ளதைப் போலவே இங்கும் காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் சேற்றைச் செரிக்கின்றன. ஆனால் முழுவதும் செரிப்பதில்லை. எஞ்சியது உயர்ந்துகொண்டே வந்து உறிஞ்சு குழிக்குள் புகுந்தால் குழி அடைபடும். மழைக்காலத்தில் கழிப்பறையில் நீர் எதிர்த்து வருவது பெரும்பாலும் இதனால்தான்.

சேற்றின் உயரத்தை ஆண்டுக்கொருமுறை அளப்பது எளிது. நீண்ட மூங்கில் கழியின் அடிப்பாகத்தில் வெள்ளைத் துணியை இறுகச் சுற்றிக் கட்டவும். மூடியைத் திறந்து சிறிது நேரம் விலகி நின்றபின், கழியை அடிவரை இறக்கிச் சில நிமிடம் கழித்து மெல்ல எடுக்கவும். துணியில் கருப்பாகப் படிந்திருக்கும் அளவே சேற்றின் உயரமாகும். அது நீர் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கை எட்டினால் உறிஞ்சு லாரியை அழைக்கவும். வழக்கமாக இரண்டு, மூன்று ஆண்டுகளில் இந்நிலை வரும்.

கிணற்றில் விளக்கை இறக்கிக் காற்றைச் சோதிப்பதுபோல் இங்கே செய்யக்கூடாது, மீத்தேன் தீப்பற்றும். பீடியும் கூடாது. ஹைட்ரஜன் சல்பைடு வாயு மூக்கை மரக்கச் செய்வதால், நாற்றமில்லை என்று நம்பி இறங்கியவர்களும், அவர்களைத் தூக்கப் போனவர்களும் மாண்டிருக்கிறார்கள். எவரையும் தொட்டிக்குள் இறக்காதீர்கள். பாதுகாப்பு ஏற்பாடின்றி ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமுமாகும்.

லாரிச் சேற்றை அப்படியே காய்கறி வயலில் விடச்சொல்வது தவறு. அதிலுள்ள நாக்குப்பூச்சி முட்டைகள் மண்ணில் பல மாதங்கள் உயிருடன் இருக்கும்.

சுத்தம் செய்தபின் தொட்டியில் தண்ணீர் நிரப்பிவிடவும். அடியில் சிறிது சேறு தங்கினாலே நுண்ணுயிர்கள் மீண்டும் பெருகும். சாணமோ ஈஸ்ட்டோ கரைத்து ஊற்ற வேண்டியதில்லை.